பத்துக்குப் பதினொன்று

ஆயுத அறைக்குச் சாவி இரண்டு.
ஒன்று என் இடுப்பில், ஒன்று ரைட்டரிடம்.
ஒருவர் இல்லாமல் ஒருவர் திறக்கக் கூடாது.
'கலியாணப் பூட்டு' என்பார் ஏட்டு காதர் மைதீன்.
அவருக்கு எல்லாமே வேடிக்கை.

துப்பாக்கி கைமாறும்போது
போல்ட்டை இழுத்துக் காட்ட வேண்டும்.
உள்ளே ஒன்றுமில்லை என்று
முதலில் கண்ணால் பார்,
கண்ணை நம்பாமல் விரலை விட்டுப் பார்.
விசைக்கு வெளியே ஆட்காட்டி விரல்
சும்மா கிடக்கப் பழக வேண்டும்.
எனக்கு ஆறு மாதம் பிடித்தது.
இப்போது சோறு பிசையும்போதும்
அது தனியே விலகி நிற்கிறது.

மூக்கையூர்க் காற்றுக்கு எந்த ஆணையும் எட்டுவதில்லை.
காலையில் எண்ணெய் போட்ட குழலில்
மாலைக்குள் துரு.
வெள்ளைத் துணி உள்ளே போய்
வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

மாசி மாதம் சுடும் பயிற்சி.
மணல்மேட்டில் சிவப்புக் கொடி,
வள்ளம் எதுவும் வராமல் பார்க்கக் கரையில் இருவர்.
ஆளுக்குப் பத்துத் தோட்டா.
சுட்டு முடித்தால் காலித் தோட்டா பத்தும் திரும்ப வேண்டும்.
வில்லாயுதம் கொடுத்தது ஒன்பது.
(பெயர்தான் வில்லாயுதம். குறி இன்னும் வரவில்லை.)

ஒன்பதை மூன்று முறை எண்ணினேன்.
ஒன்பதாகவே இருந்தது.
ஒரு பித்தளைக் குப்பி. விரற்கடை நீளம்.
அதற்கு ஒரு மெமோ, ஒரு விசாரணை,
அவனுடைய இன்கிரிமென்ட்,
என்னுடைய இன்கிரிமென்ட்.

கித்தேரியிடம் நெத்திலி சலிக்கும் சல்லடை கேட்டோம்.
"என்னத்தைத் தேடுறீக?"
சொல்லவில்லை. சொல்லக் கூடாது.
"கெடச்சாலும் கெடைக்காட்டியும் வாடகை அம்பது."

பதினாலு காக்கிச்சட்டைகள்
மண்டியிட்டு மணல் சலித்தோம்.
சிப்பி, நண்டு ஓடு, ஊசிப்போன மீன்தலை,
யாரோ விட்டுப்போன குழந்தையின் கொலுசுத் திருகு.
நாலரை மணிக்கு என் சல்லடையில்
டிங் என்று ஒன்று.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
ரைட்டர் "பத்து" என்று எழுதவே தொடங்கிவிட்டார்.
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன்.
பச்சைக் களிம்பு.
நம்முடையதைவிடக் குட்டை, இடுப்பு அகலம்.
அடியில் இருந்த எழுத்தை உப்பு தின்றிருந்தது.

"போடுங்கம்மா உள்ளே," என்றார் ரைட்டர், மெதுவாக.
"பத்துக்குப் பத்து. பைக்குள்ள கைவிட்டு யார் பார்க்கப்போறா?"
வில்லாயுதம் என்னைப் பார்க்கவில்லை.
காதர் மைதீன் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.
கடல் பக்கம் பார்த்தார், வெகுநேரம்.

விரலை விட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம்.
உள்ளே ஈர மணல்.

இரவு எட்டரைக்குக் கிணற்றடியில் ஒரு கூச்சல்.
பெல்ட்டை அவிழ்த்திருக்கிறான் வில்லாயுதம்;
பனியனுக்குள் இருந்து விழுந்திருக்கிறது பத்தாவது.
காலர் வழியாகச் சூடாக உள்ளே இறங்கியதாம்.
ஐந்தாம் குண்டில் அவன் துள்ளியபோது
குறி பட்ட சந்தோஷம் என்று கைதட்டியிருந்தோம்.
எறும்பு என்று நினைத்தானாம்.
முதுகில் துவரம்பருப்பு அளவு கொப்புளம்.

பத்தும் சரி. கையெழுத்து. முத்திரை.
சங்கிலியைக் கோத்து இரண்டு சாவியும் திருப்பினோம்.
மேசையில் அந்தப் பச்சை மட்டும்.

குறைந்தால் குற்றம். கூடினாலும் குற்றம்.
ரைட்டர் கடல் பக்கம் கை காட்டினார்,
எறிந்துவிட்டு வாருங்கள் என்பதுபோல.
பொது நாட்குறிப்பை என் பக்கம் இழுத்தேன்.

மணல்மேட்டில் கண்டெடுத்தது: ஒன்று.
வகை: தெரியவில்லை.
வழங்கிய நிலையம்: தெரியவில்லை.
சுட்டவர்: தெரியவில்லை.

அதற்குமேல் கட்டம் இல்லை.
ஓரத்தில் இடம் இருந்தது.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது,
விசைக்கு வெளியே விரல் நிற்கிற மாதிரி.

வாசலில் கித்தேரி.
"அம்பது ரூவா," என்றாள்.
"என் சல்லடையில ரெண்டு கண்ணு கிழிஞ்சிருக்கு.
அதையும் எழுதிக்குங்க."